ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கத் தேர்தல் வேட்பாளர்கள் சிவில் உரிமைகள் பற்றியும் தன்பாலினத் திருமணம் பற்றியும் எடுக்கும் நிலைப்பாடுகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, பதில்களுடன்.

கேள்வி: 2008 தேர்தலில் ஒபாமா, மெக்கெய்ன் இருவருமே "திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான்" என்றார்கள். பிறகு இருவருக்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், சேலம்

பதில்: மேடைப் பேச்சில் வேறுபாடு இல்லை. எந்தச் சட்டத்தை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்ற இடத்துக்கு வந்தால் நிறைய.

2008 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சேடில்பேக் தேவாலயத்தில் பாதிரியார் ரிக் வாரன் கேட்டபோது ஒபாமா அந்த இலக்கணத்தைத்தான் சொன்னார். கையோடு, அதை அரசமைப்புச் சட்டத்தில் எழுதிவைக்கும் திருத்தத்தை ஏற்கமாட்டேன், திருமணம் என்ற பெயரில்லாமல் அதன் சட்ட உரிமைகளைத் தரும் 'சிவில் யூனியன்' வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியா மக்களின் வாக்குக்கு 'புரோபோசிஷன் 8' வந்தது. அவ்வாண்டு மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் தந்த திருமண உரிமையைப் பறிக்கும் முன்மொழிவு அது. ஒபாமா எதிர்த்தார், குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் ஆதரித்தார். ஏறத்தாழ 52 சதவீத வாக்குகளுடன் அது நிறைவேறியது. அதே நாள், அதே மாநிலத்தில் ஒபாமா பெரும் வித்தியாசத்தில் வென்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது 'டோமா' எனப்படும் 1996ஆம் ஆண்டின் திருமணப் பாதுகாப்புச் சட்டம். செனட்டில் 85க்கு 14 என்று நிறைவேறி, பில் கிளின்டன் கையெழுத்திட்டது. முக்கியமானவை இரண்டு பிரிவுகள். இரண்டாம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் நடந்த தன்பாலினத் திருமணத்தை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டியதில்லை. மூன்றாம் பிரிவின்படி, மாநிலமே ஏற்றாலும் மத்திய அரசு ஏற்காது. இந்த மூன்றாம் பிரிவில்தான் பணம் இருந்தது. திருமண நிலையைப் பொறுத்து உரிமையோ சலுகையோ மாறும் மத்தியச் சட்ட விதிகள் 1,138 என்று அரசின் கணக்காய்வு அலுவலகம் 2004இல் எண்ணிச் சொன்னது. துணை இறந்தபின் வரும் சமூகப் பாதுகாப்புத் தொகை, கூட்டு வருமான வரித் தாக்கல், வாரிசு வரி விலக்கு, துணைக்கான குடியேற்ற விசா எல்லாம் அதற்குள் அடக்கம்.

மெக்கெய்ன் 1996இல் டோமாவுக்கு வாக்களித்தவர். அது அப்படியே இருக்கட்டும் என்றார். ஒபாமா முழுவதும் நீக்கச் சொன்னார். ஜனநாயகக் கட்சிக்குள் அவரோடு போட்டியிட்ட ஹிலாரி கிளின்டன் மூன்றாம் பிரிவை மட்டும் நீக்கி, இரண்டாவதை விட்டுவைக்கலாம் என்றார். நேரடியாகத் திருமணத்தையே ஆதரித்தவர்கள் டெனிஸ் குசினிச், மைக் கிரேவல் இருவர்தான். வெல்ல வாய்ப்பில்லாதவருக்குத்தான் அன்று அந்தத் துணிவு இருந்தது.

ஆகவே ஒரே வாக்கியத்தைச் சொன்ன வேட்பாளர்கள் மூன்று வெவ்வேறு சட்ட ஏற்பாடுகளை மனத்தில் வைத்திருந்தார்கள். மாசச்சூசெட்ஸில் மணம் முடித்த ஒரு தம்பதிக்கு, மெக்கெய்ன் வழியில் மத்தியச் சலுகை கிடையாது. ஹிலாரி வழியில் சலுகை உண்டு. டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலம் ஏற்க வேண்டியதில்லை. ஒபாமா வழியில் அந்த அனுமதியும் எடுபட்டுவிடும். அப்போதும் டெக்சாஸ் ஏற்றே தீர வேண்டும் என்றாகாது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்.

கேள்வி: ஒபாமா 2012இல்தான் மனம் மாறினாரா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 1996இல் இல்லினாய் மாநில செனட்டுக்குப் போட்டியிட்டபோது, சிகாகோ பத்திரிகை ஒன்று அனுப்பிய கேள்வித்தாளில் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்க ஆதரவு என்று எழுத்தில் பதில் தந்திருக்கிறார். 2004, 2008இல் ஆதரவில்லை. 2012 மே 9 அன்று தொலைக்காட்சிப் பேட்டியில் ஆதரவு. மூன்று நாள் முன்னதாகத் துணை அதிபர் பைடன் முந்திக்கொண்டு பேசிவிட்டதால் தள்ளிப்போட முடியாமல் போயிற்று. 2008 நிலைப்பாடு தேர்தல் கணக்கு என்பதை அவருடைய ஆலோசகர் டேவிட் ஆக்சல்ராடே பின்னாளில் எழுதியிருக்கிறார். மனம் மாறவில்லை, கருத்துக்கணிப்பு மாறியது என்று சொல்வதே பொருத்தம். கேலப் நிறுவனத்தின் கணிப்பில் 1996இல் 27 சதவீதமாக இருந்த ஆதரவு 2011இல் முதன்முறையாகப் பாதியைத் தாண்டியது.

கேள்வி: 2004இல் புஷ் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்க அரசமைப்புச் சட்டத்தையே திருத்துவேன் என்றார். ஏன் நடக்கவில்லை? மெக்கெய்ன் அதை எதிர்த்தார் என்கிறார்களே, அப்படியானால் அவர் ஆதரவாளர்தானே?
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. "இது மாநிலங்களின் விஷயம், வாஷிங்டன் தலையிடக் கூடாது" என்பதே அவர் சொன்ன காரணம். அதே மெக்கெய்ன் தம் சொந்த மாநிலமான அரிசோனாவில் 2006இலும் 2008இலும் தன்பாலினத் திருமணத் தடை முன்மொழிவுகளுக்கு ஆதரவு தந்தார். 2006இல் அது தோற்றது. திருமணத்தோடு நிற்காமல், மணமாகாமல் சேர்ந்து வாழும் எல்லாருக்குமான அங்கீகாரத்தையும் அது தடுத்ததால், ஓய்வூதியத்துக்காக மறுமணம் செய்யாமல் இணைந்து வாழ்ந்த முதிய ஆண்-பெண் ஜோடிகள் கலங்கிப்போனார்கள். 2008இல் திருமணத்தை மட்டும் தடுக்கும்படி சுருக்கி எழுதினார்கள், நிறைவேறிவிட்டது.

இனி திருத்தம். அமெரிக்காவில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 50 மாநிலங்களில் 38இன் ஒப்புதல் வேண்டும். அதிபருக்கு அதில் கையெழுத்து வேலைகூடக் கிடையாது. புஷ் 2004 பிப்ரவரி 24 அன்று திருத்தம் கோரினார். ஜூலை 14 அன்று செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாமா என்ற கட்டத்திலேயே, 60 தேவைப்பட்ட இடத்தில் 48தான் விழுந்தது, எதிர்ப்பு 50. செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 227க்கு 186. பெரும்பான்மைதான், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. 2006இல் மறுபடி முயன்றும் அதே கதை.

அந்த ஜூலை வாக்கெடுப்பில் இல்லாத இரண்டு செனட்டர்கள் யார் தெரியுமா? ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரியும் துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸும். இருவரும் திருத்தத்தை எதிர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வாக்கு மட்டும் போடவில்லை. கெர்ரி 1996இல் டோமாவை எதிர்த்த 14 பேரில் ஒருவர். 2004இலோ சிவில் யூனியன் உண்டு, திருமணம் இல்லை என்ற மாசச்சூசெட்ஸ் மாநிலத் திருத்தத்தை ஆதரித்தார். எதிரணியில் துணை அதிபர் டிக் செய்னி, தம் மகள் தன்பால் ஈர்ப்புடையவர் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்று புஷ்ஷிடமிருந்து விலகி நின்றார். கட்சிப் பெயரை வைத்து நிலைப்பாட்டை ஊகித்தவர்கள் அந்த ஆண்டு நன்றாகவே ஏமாந்திருப்பார்கள்.

கேள்வி: மாநிலத் தடை முன்மொழிவுகளால்தான் 2004இல் புஷ் வென்றாரா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. அந்த நவம்பரில் 11 மாநிலங்களில் தடை முன்மொழிவுகள் வாக்குக்கு வந்தன, பதினொன்றும் நிறைவேறின. தேர்தலை முடிவு செய்தது ஒஹையோ. அங்கே புஷ் ஏறத்தாழ 1.18 லட்சம் வாக்குகளில் முந்தினார், தடையும் நிறைவேறியது. இரண்டையும் முடிச்சுப்போடுவது எளிது. ஆனால் தடை முன்மொழிவு இல்லாத மாநிலங்களிலும் புஷ்ஷின் வாக்கு ஏறியது. அரசியல் அறிவியலாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை.

ஒஹையோவில் உறுதியாகத் தெரிந்த விளைவு வேறொன்று. மணமாகாதவர்களின் உறவுக்கு 'திருமணத்தை ஒத்த' சட்ட நிலை எதையும் மாநிலம் தரக்கூடாது என்று அந்தத் திருத்தம் எழுதியிருந்தது. உடனே, சேர்ந்து வாழ்ந்த பெண்ணை அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆண்களின் வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள்: மணமாகாத எங்கள் கட்சிக்காரருக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தாது, பொருந்தினால் அது திருமணத்தை ஒத்த நிலை ஆகிவிடுமே என்று. கீழ் நீதிமன்றங்கள் சில இதை ஏற்றும்விட்டன. 2007இல் கார்ஸ்வெல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியபிறகுதான் குழப்பம் தீர்ந்தது. தன்பாலினத் தம்பதிகளைக் குறிவைத்த வாசகம் அடிபட்ட பெண்களின் வழக்கில் போய் முட்டியது. ஒரு வேட்பாளர் தடை முன்மொழிவை ஆதரிக்கிறார் என்றால் அதன் இரண்டாவது வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் ஆதரிக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

கேள்வி: 2015இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை கொடுத்துவிட்டது. இதற்கு மேல் 'சிவில் உரிமை' என்று என்ன கேட்கிறார்கள்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: திருமண உரிமை அரசுக்கு எதிரான உரிமை. பதிவு அலுவலகம் மறுக்கக் கூடாது, அவ்வளவுதான். முதலாளி, வீட்டுக்காரர், வங்கி, கடைக்காரர் ஆகியோரைக் கட்டுப்படுத்துவது 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டமும் அதையொட்டி வந்த சட்டங்களும். அவற்றில் 'தன்பால் ஈர்ப்பு' என்ற சொல் இல்லை. 2015 ஜூன் 26 அன்று ஓபர்கஃபெல் தீர்ப்பு வந்த பிறகும், பல மாநிலங்களில் திருமணப் படத்தை மேசைமேல் வைத்த ஊழியரைத் தனியார் நிறுவனம் வேலையைவிட்டு நீக்கத் தெளிவான தடை இல்லாமல் ஐந்து ஆண்டு போயிற்று.

வேலை விஷயம் 2020 ஜூன் 15 அன்று பாஸ்டக் வழக்கில் தீர்ந்தது. பாலினத்தைப் பாராமல் ஒருவரைத் தன்பால் ஈர்ப்புடையவர் என்று சொல்லவே முடியாது, ஆகவே அதற்காக நீக்குவது பாலினப் பாகுபாடே என்றது தீர்ப்பு, 6க்கு 3. எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி நீல் கோர்சச். ஆனால் அந்தச் சட்டப்பிரிவு 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். இன்னொரு ஓட்டை பெரியது: உணவகம், தங்கும் விடுதி முதலான பொது இடங்கள் பற்றிய பிரிவில் இனம், நிறம், மதம், தேசிய மரபு மட்டுமே உண்டு, பாலினமே கிடையாது. பாஸ்டக் தர்க்கம் அங்கே பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் இல்லை.

இதை அடைக்க வந்ததுதான் 'சமத்துவச் சட்ட' மசோதா. பிரதிநிதிகள் சபையில் 2019 மே மாதம் 236க்கு 173, 2021 பிப்ரவரியில் 224க்கு 206 என்று இரண்டு முறை நிறைவேறி, செனட்டில் முடங்கியது. மத நம்பிக்கை அடிப்படையிலான விலக்கு எவ்வளவு என்பதே சண்டை. திருமணத்தை ஏற்கிறேன், சமத்துவச் சட்டத்தை ஏற்கமாட்டேன் என்ற வேட்பாளர்கள் குடியரசுக் கட்சியில் ஏராளம். அவர்களுடையது முரண்பாடு அல்ல. அது ஒரு தனி நிலைப்பாடு. மேடையில் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள் என்பதுதான் தொல்லை. சென்னையில் பிறந்து, வாஷிங்டன் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான பிரமிளா ஜெயபால் இரண்டு முறையும் ஆதரித்து வாக்களித்தவர்.

கேள்வி: 2024இல் டிரம்ப், கமலா ஹாரிஸ் நிலைப்பாடு?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் தாய்வழிப் பாட்டனார் பிறந்த ஹாரிஸின் பதிவு நேர்கோடாக இருக்கிறது. 2004 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ மாவட்ட வழக்கறிஞராக இருந்தபோதே தன்பாலினத் திருமணங்களை நடத்திவைத்தார். அவை பின்னர் நீதிமன்றத்தால் செல்லாதவை ஆயின. 2010இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவிக்குப் போட்டியிட்டபோது புரோபோசிஷன் 8ஐ நீதிமன்றத்தில் காப்பாற்ற வாதாடமாட்டேன் என்று வாக்குறுதி தந்து, வென்று, அப்படியே செய்தார். 2013 ஜூனில் அந்த வழக்கு முடிந்ததற்கு அதுவும் காரணம்: மாநில அரசு மேல்முறையீடு செய்யாதபோது முன்மொழிவை ஆதரித்த தனியார் குழுவுக்கு வழக்காடத் தகுதியில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

டிரம்ப் 2016 பிரசாரத்தில் திருமணத்தை எதிர்த்துப் பேசினார்; வென்றவுடன், அந்த நவம்பரிலேயே, நீதிமன்றத்தில் முடிந்துபோன விஷயம் என்றார். கட்சியின் 2016 அறிக்கை ஓபர்கஃபெல் தீர்ப்பைக் கண்டித்தது. 2024 அறிக்கையில் ஆண்-பெண் இலக்கணம் காணாமல் போய், 'திருமணத்தின் புனிதம்' என்ற பொத்தாம் பொதுவான சொல் வந்தது. திருநர் உரிமைகளில் அந்தத் தளர்வு இல்லை. அங்கே கட்சி நிலை கடுமையாகியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: கருக்கலைப்புத் தீர்ப்பைப் போல இதையும் நீதிமன்றம் திருப்பிவிட்டால்?
– வாசகர், கோவை

பதில்: 2022 ஜூன் 24 அன்று கருக்கலைப்பு உரிமையை நீக்கிய வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய கருத்தில் ஓபர்கஃபெல்லையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். அந்த அச்சத்தில் வந்ததே 'திருமண மதிப்புச் சட்டம்'. செனட்டில் 61க்கு 36. குடியரசுக் கட்சியினர் 12 பேர் ஆதரவு. டிசம்பர் 13 அன்று பைடன் கையெழுத்திட்டார். டோமா அதோடு ஒழிந்தது.

ஆனால் அந்தச் சட்டம் எந்த மாநிலத்தையும் புதிதாகத் திருமணம் செய்துவைக்கக் கட்டாயப்படுத்தவில்லை. வேறு மாநிலத்தில் நடந்ததை ஏற்க வேண்டும், மத்திய அரசும் ஏற்க வேண்டும் என்பது மட்டுமே. 30க்கும் மேற்பட்ட மாநிலங்களின் சட்டப் புத்தகங்களில் பழைய தடை இன்னும் கிடக்கிறது. தீர்ப்பு புரண்டால் அவை உயிர்பெறலாம். அப்போது ஜோடி பக்கத்து மாநிலத்துக்குப் போய் மணம் முடித்துத் திரும்ப வேண்டியிருக்கும். 2024 நவம்பரில் கலிஃபோர்னியா, கொலராடோ, ஹவாய் மக்கள் வாக்களித்துத் தங்கள் அரசமைப்பிலிருந்த பழைய வாசகத்தை நீக்கினார்கள். 2025 நவம்பரில் தன்பாலினத் தம்பதிகளுக்குத் திருமண உரிமம் தர மறுத்த கென்டக்கியின் முன்னாள் எழுத்தர் கிம் டேவிஸ் ஓபர்கஃபெல்லைத் திருப்பக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் விசாரிக்காமலே தள்ளியது. எனினும் இந்த விஷயத்தில் அதிபர் வேட்பாளரைவிட மாநிலச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்பதே பயன்: பழைய தடையை நீக்க வாக்களிப்பீர்களா? நீதிபதி நியமனங்களை ஏற்பதும் மறுப்பதும் செனட்டர் கையில் இருப்பதால் அவரிடமும் ஒரு கேள்வி.

கேள்வி: என் தங்கை மகன் நியூஜெர்சியில் ஹெச்-1பி விசாவில் வேலை செய்கிறான். அவனுடைய ஆண் துணைவர் சென்னையில் இருக்கிறார். துணைக்கான ஹெச்-4 கிடைக்குமா? ஆட்சி மாறினால் போய்விடுமா?
– வாசகி, திருச்சி

பதில்: சட்டப்படி மணம் முடித்திருந்தால் கிடைக்கும். 2013 ஜூன் 26 அன்று விண்ட்சர் வழக்கில் டோமாவின் மூன்றாம் பிரிவு விழுந்தது. துணையின் சொத்துக்கு 3,63,053 டாலர் வாரிசு வரி கட்ட நேர்ந்த ஒரு மூதாட்டி தொடுத்த வழக்கு அது. அதிலிருந்து குடியேற்றத் துறை பார்ப்பது, திருமணம் நடந்த இடத்தில் அது செல்லுமா என்பதைத்தான். தம்பதி வசிக்கும் இடத்தை அல்ல.

சிக்கல் இங்கேதான்: இந்தியாவில் இந்தத் திருமணத்தைப் பதிய வழியில்லை. 2023 அக்டோபர் 17 அன்று நம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கோயிலில் மாலை மாற்றிய படமோ, நோட்டரி ஒப்பந்தமோ தூதரகத்தில் செல்லாது. அனுமதிக்கும் நாடு ஒன்றில் நேரில் மணம் முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். நியூயார்க் நகரில் என்றால் குடியுரிமையோ வசிப்பிடமோ தேவையில்லை. உரிமச் சீட்டு 35 டாலர், வாங்கி 24 மணி நேரம் கழித்தே திருமணம், 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். நியூஜெர்சியில் காத்திருப்பு 72 மணி நேரம். காணொளி வழியாக மணம் முடிப்பவர்கள் கவனிக்க: மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் இருவரும் தாம்பத்திய உறவில் இணைந்திருக்காவிட்டால், குடியேற்றச் சட்டம் ஏற்பதில்லை. இங்கேதான் பலருடைய விண்ணப்பம் அடிபடுகிறது. மணமாகுமுன் சுற்றுலா விசாவில் போவதென்றால் நோக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்; முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

ஆட்சி மாற்றத்தால் மட்டும் இது போகாது. 2022 சட்டம், வெளிநாட்டில் நடந்த திருமணத்தையும் ஏற்கச் சொல்கிறது; நிபந்தனை, அது நடந்த இடத்தில் செல்ல வேண்டும், அமெரிக்காவின் ஒரு மாநிலத்திலாவது அத்தகைய திருமணம் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஹெச்-1பி விசாவுக்கே வரும் கட்டுப்பாடுகள் வேறு கவலை.

கேள்வி: ஒரு வேட்பாளரின் உண்மையான நிலைப்பாட்டை எப்படிச் சரிபார்ப்பது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் மசோதாவைத் தேடி, 'ரோல் கால்' வாக்குப் பட்டியலைத் திறந்து பெயரைப் பாருங்கள். மசோதாவின் இறுதி வாக்கா, விவாதத்தை முடிக்கும் வாக்கா என்பதைக் கவனியுங்கள். 2004இன் 48-50 இரண்டாம் வகை. வராமல் இருந்தவர் பட்டியலையும் விடாதீர்கள். புதியவர் என்றால் உள்ளூர் இதழ்களும் அமைப்புகளும் அனுப்பும் கேள்வித்தாள்களுக்கு எழுத்தில் தந்த பதில்தான் பேச்சைவிடப் பெறுமதி. உரிமை அமைப்புகள் தரும் மதிப்பெண் அட்டையைத் தனியாக நம்ப வேண்டாம். எந்தெந்த வாக்குகளைக் கணக்கில் எடுத்தார்கள் என்று பார்த்தபின் பயன்படுத்துங்கள். எதிர்த்தரப்பு அமைப்பும் பெரும்பாலும் அதே வாக்குகளை வைத்துத்தான் தலைகீழாக மதிப்பெண் போடுகிறது.

கேள்வி: ஆதரித்ததால் பதவி இழந்தவர்கள் உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. 2009 ஏப்ரலில் திருமண உரிமையை ஒருமனதாகத் தந்த அயோவா உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளை, 2010 நவம்பரில் 'தொடரலாமா' என்ற வாக்கெடுப்பில் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தீர்ப்பு மட்டும் நிலைத்தது. நியூயார்க்கில் 2011 ஜூன் 24 அன்று மாநில செனட்டில் 33க்கு 29 என்று மசோதா நிறைவேற, குடியரசுக் கட்சியின் நான்கு பேர் கட்சி நிலையை மீறி ஆதரித்து வாக்களித்தார்கள். 2012இல் ஒருவர் போட்டியிடவில்லை. ஒருவர் கட்சிக்குள் நடந்த முதன்மைத் தேர்தலில் தோற்றார். ஒருவர் முதன்மைத் தேர்தலில் தப்பினாலும், கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளர் வாக்கைப் பிரித்ததில் பொதுத்தேர்தலில் விழுந்தார். பஃபலோ பகுதியின் மார்க் கிரிசாண்டி மட்டும் மீண்டார். அவரும் 2014 முதன்மைத் தேர்தலில் தோற்றுப்போனார்.